மூன்றாம் எண் அறையில் இரண்டு பாட்டு நேரம்

என் சித்தி ஒரு துணிக்கடையில் பத்தொன்பது வருடம் நின்றாள். வேலை பார்த்தாள் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவள் காலைப் பார்த்த டாக்டரம்மா வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

மூன்று மாடிக் கடை அது. சித்தி இரண்டாம் மாடியில், குழந்தைகள் உடுப்புப் பிரிவில் இருந்தாள். காலை ஒன்பதரைக்குள் கைரேகை வைக்க வேண்டும். அதிலிருந்து இரவு கடை சாத்தும் வரை உட்காரக் கூடாது. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். அதிலும் படி ஏறி இறங்க ஆறு நிமிடம் போய்விடும். வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்திலும் கவுண்டருக்குப் பின்னால் நேராக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால்கூட சூப்பர்வைசர் வந்து, "என்னம்மா, சுவர் விழுந்துடும்னு முட்டுக் கொடுக்கறியா?" என்பார்.

சித்தப்பா ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி பிடித்துக்கொண்டது என்று தினமும் புலம்புவார். "நம்ம ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஒரு நல்ல உடம்பு கிடைக்கும்" என்று சித்தி சொல்வாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் பக்கம் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் அவர்களோடுதான் இருக்கிறேன். இந்த வருடம் பள்ளி முடிந்துவிட்டது.

அந்தக் கடையில் நிற்கும் பெண்கள் உட்கார ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டாம் மாடியில் உடுப்பு போட்டுப் பார்க்கும் அறைகள் மூன்று. மூன்றாம் எண் அறையின் பல்பை லேசாகத் திருகி வைத்திருப்பார்கள். இருட்டாக இருக்கும் அறைக்கு வாடிக்கையாளர் யாரும் போக மாட்டார்கள். ஒருத்தி உள்ளே போய்க் கொக்கி போட்டுக்கொண்டு, கவிழ்த்து வைத்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். இன்னொருத்தி இரண்டு கவுன்களை ஹேங்கரோடு கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பாள். பார்க்கிறவர்களுக்கு, உள்ளே ஒரு தாய் குழந்தைக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

"பாப்பாவுக்குச் சரியா இருக்கா மேடம்?" என்று வெளியே இருப்பவள் கேட்பாள்.

"கொஞ்சம் டைட்டா இருக்கும்மா" என்று உள்ளே இருப்பவள் சொல்ல வேண்டும்.

"அடுத்த சைஸ் கொண்டு வரவா மேடம்?" என்று கேட்டால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம்.

ஒருத்திக்கு இரண்டு பாட்டு நேரம். கடையின் ஒலிபெருக்கியில் எந்நேரமும் பாட்டு ஓடும். இரண்டாவது பாட்டு முடிந்ததும் எழுந்து வந்துவிட வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்தது என் சித்திதான். யாருக்குப் பின் யார் என்ற வரிசையும் அவள் மனதில்தான் இருந்தது. எல்லோரும் அவளை மூத்தக்கா என்று கூப்பிடுவார்கள்.

சித்திக்கு அடுத்த கவுண்டரில் நின்றவளை ஏணி என்பார்கள். மேல் அடுக்கில் இருக்கும் பெட்டியை ஏணி இல்லாமலே எடுக்கும் உயரம். ஒரு நாள் அவள் மூன்றாம் எண்ணுக்குள் அசந்து தூங்கி, குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். சூப்பர்வைசர் கதவருகே வந்து நின்று, "என்ன சத்தம் அது?" என்று கேட்டார்.

"குழந்தை அழுது அழுது தூங்கிடுச்சு சார். அவங்கம்மா எழுப்பிப் பாக்கறாங்க" என்றாள் சித்தி.

"இந்த வயசுலயே இப்படிக் குறட்டையா?"

"சளி சார்."

அவர் போன பிறகு மாடி முழுக்கச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து எங்களுக்கு நடித்துக் காட்டும்போது சித்தியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஆனால் சித்தி தன் முறையில் அந்த அறைக்குள் போனதே குறைவு. மாசமாக இருந்தவளுக்கு, புதிதாகச் சேர்ந்தவளுக்கு, காய்ச்சலோடு வந்தவளுக்கு என்று தன் இரண்டு பாட்டையும் கொடுத்துவிடுவாள். "எனக்கு என்ன, நான் பழகினவ" என்பாள். ஒரு தடவை கடையின் ஆண்டு விழாவில் மேனேஜர் மேடைக்கு அவளை அழைத்து, "இத்தனை வருஷத்துல இவங்க ஒரு நாள் உட்கார்ந்து நான் பாத்ததில்ல" என்றார். மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டு கை தட்டினார்கள். சித்தி சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை அவள் உண்மையாகவே எடுத்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

புண் வந்தது மிகச் சின்ன விஷயத்தால். உடுப்பு தொங்கும் இரும்புத் தாங்கியின் சக்கரம் இடது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம் உரசியது. கட்டைவிரல் நகம் அளவு காயம். எல்லோருக்கும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். சித்திக்கு மூன்று மாதம் ஆகியும் ஆறவில்லை. தடித்த சாக்ஸ் போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள். நான் துணி ஊறவைக்கும்போது ஒரு சாக்ஸ் மட்டும் உள்பக்கம் மஞ்சளாக ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"கொசு கடிச்சது, சொறிஞ்சுட்டேன்" என்றாள்.

"மூணு மாசமா ஒரே கொசுவா சித்தி?"

மறுநாள் நானும் சித்தப்பாவும் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா கணுக்காலைச் சுற்றிப் பழுப்பேறிப் போயிருந்த தோலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து அதை மேலே தள்ளும். படுத்தால் தானாகவே திரும்பும். அசையாமல் நின்றால் இரண்டும் நடக்காது. இரத்தம் காலிலேயே தேங்கும். வருடக்கணக்கில் தேங்கினால் இரத்தக் குழாய்க்குள் இருக்கும் தடுப்புகள் கெட்டுவிடும், தோல் கெட்டுவிடும், பிறகு சின்னக் காயம்கூட ஆறாது.

"நடக்கலாம். படுக்கலாம். நிக்கக் கூடாது. கட்டு போட்டு விடறேன். ஆறு வாரம், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை, காலை நெஞ்சுக்கு மேல இருக்கற மாதிரி தூக்கி வெச்சுப் படுத்திருக்கணும். இதுக்கு மாத்திரையை விட அதுதான் மருந்து" என்றார்.

"அதோட சேத்து ஒரு ஊசி போட்டுட்டா மூணு வாரத்துல ஆறிடுமா டாக்டர்?" என்று சித்தி கேட்டாள்.

"ஓய்வுக்கு ஊசி கண்டுபிடிச்சா முதல்ல நான் போட்டுக்குவேன்" என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணைச் சுற்றியும் கருப்பாகத்தான் இருந்தது.

ஆறு வாரம் ஒழுங்காக இருந்தால் புண் மூடும், இல்லையென்றால் பெரிதாகும். விஷயம் இவ்வளவுதான். சம்பளம் இல்லாத விடுப்பு கிடைத்தது. சித்தப்பா நான்கு தலையணைகளைத் துணியால் சேர்த்துக் கட்டி மேடு மாதிரி செய்து கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. சித்திக்குப் படுக்கத்தான் தெரியவில்லை.

பகலில் படுத்திருப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். என்னைச் சன்னல் பக்கம் நிற்க வைத்தாள். தெருவில் தெரிந்தவர் யாராவது வந்தால் நான் சொல்ல வேண்டும். சொன்னதும் எழுந்து, முடியை முடிந்துகொண்டு, துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொள்வாள். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன, லீவா? கொடுத்து வெச்சவங்க நீங்க" என்பார்கள். "எங்க, வேலை சரியா இருக்கு" என்று துடைப்பத்தோடு நின்று அரை மணி நேரம் பேசுவாள். அவர்கள் போன பிறகு கட்டு ஈரமாகியிருக்கும்.

"டாக்டர் சொல்லித்தானே படுத்திருக்கீங்க. கால்ல கட்டு வேற தெரியுது. அப்புறம் என்ன பயம்?" என்று ஒரு நாள் சண்டை போட்டேன்.

"படுத்துக் கிடக்கறான்னு பேர் வந்துடும்டி."

"வந்தா என்ன சித்தி?"

"உனக்குப் புரியாது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது எனக்குப் புரிகிறது. பத்தொன்பது வருடம் ஒரு இருட்டு அறையில் ஒளிந்துதான் அந்தப் பெண்கள் காலை நீட்டினார்கள். திருடுகிறவர்களைப் போல ஆள் காவல் வைத்து, பொய்க் குரலில் பேசி, இரண்டு பாட்டு நேரம் உட்கார்ந்தார்கள். அப்படியே பழகியதில், உட்காருவதே திருட்டு என்று சித்தி நம்பிவிட்டாள். சொந்த வீட்டில், சொந்தப் பாயில், டாக்டர் எழுதிக் கொடுத்த ஓய்வைக்கூட அவள் திருடித்தான் எடுத்தாள்.

அப்படி இருந்தும் நான்காம் வாரம் புண் மூடியது. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு பளபளப்பு. "இது மேல்தோல் மட்டும்தான். இன்னும் ரெண்டு வாரம் கட்டாயம் இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. அந்த வாரமே மேனேஜர் போன் செய்தார். பள்ளிகள் திறக்கும் சமயம். சீருடை வாங்கக் கூட்டம் முட்டி மோதும். "நீங்க இல்லாம ரெண்டாம் மாடி ஓடவே மாட்டேங்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை சித்தி என்னிடம் மூன்று தடவை, சித்தப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள். அடுத்த நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பி நின்றாள். நான் வாசலை மறித்தேன்.

"தள்ளு. புண்ணே இல்லையே, எதுக்குப் படுக்கணும்?"

"மறுபடி வராம இருக்கத்தான்."

"வராததுக்கெல்லாம் வைத்தியம் பாக்க நாம என்ன ராஜா வீட்டுப் பரம்பரையா?" என்று என்னைத் தள்ளிவிட்டுப் போனாள்.

இதன் பிறகு கடையில் நடந்ததை ஏணி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சித்தியும் பின்னால் ஒப்புக்கொண்டாள்.

சித்தி வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம், ஒரு காலையில் இரண்டாம் மாடிக்குப் பன்னிரண்டு ஸ்டூல்கள் வந்தன. கவுண்டருக்கு ஒன்றாக வைத்தார்கள். "இன்னைக்கு ஒருத்தர் பாக்க வர்றார். கேட்டா ஸ்டூல் இருக்குன்னு சொல்லுங்க. வேற எதுவும் பேச வேணாம்" என்றார் சூப்பர்வைசர். பதினொரு மணிக்கு மேனேஜரோடு ஒருவர் வந்தார். கையில் கோப்பு, சட்டைப் பையில் இரண்டு பேனா. மாடியைச் சுற்றிப் பார்த்தவர் நேராக மூன்றாம் எண் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார். பல்பைத் திருகினார். எரிந்தது. உள்ளே அட்டைப்பெட்டி, மடித்த போர்வை, தைலப் புட்டி, சுவரில் முழங்கால் உயரத்தில் குதிகால் பட்டுப் பட்டுத் தேய்ந்த கருப்புத் தடம்.

அவர் மேனேஜரைக் கீழே போகச் சொல்லிவிட்டு, "இங்க ரொம்ப வருஷமா இருக்கறது யார்?" என்று கேட்டார். எல்லோரும் சித்தியைக் காட்டினார்கள்.

"இந்த ரூம்ல என்ன பண்றீங்கம்மா?"

"கஸ்டமர் உடுப்பு போட்டுப் பாப்பாங்க சார்."

"போர்வை யாருது?"

"யாரோ கஸ்டமர் மறந்துட்டுப் போயிருப்பாங்க."

"நீங்க ஒளிஞ்சு உட்கார்ற இடமா இது? பயப்படாம சொல்லுங்க."

"ஐயோ, இங்க ஒருத்தரும் உட்கார மாட்டோம் சார்."

"ஏன், உட்கார விட மாட்டாங்களா?"

"விடுவாங்க சார். அதோ ஸ்டூல் போட்டிருக்கே. எங்களுக்குத்தான் உட்காரணும்னு தோணாது. நான் பத்தொன்பது வருஷமா உட்கார்ந்ததே இல்ல. வேணும்னா மேனேஜரைக் கேட்டுப் பாருங்க."

அவர் சித்தியின் முகத்தையும் தடித்த சாக்ஸையும் பார்த்தார். பிறகு அவள் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சித்தி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஸ்டூல் போட்டதே ஆசை காட்டி உட்காருகிறவர்களைப் பிடிக்கத்தான், வந்தவர் முதலாளி அனுப்பிய ஆள் என்று சித்தி நினைத்திருந்தாள். மூன்றாம் எண் அறையையும் அதில் உட்கார்ந்த எல்லாப் பெண்களையும் காப்பாற்றிவிட்டதாக அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாளாம். அவர் தொழிலாளர் துறை ஆய்வாளர். கடையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். யாரோ போட்ட புகாரை வைத்து, அது நடக்கிறதா என்று பார்க்க வந்தவர்.

மறுநாள் ஸ்டூல்கள் கிடங்குக்குப் போயின. மூன்றாம் எண் அறையின் கதவைக் கழற்றி, பாதி உயரத்துக்கு ஒரு திரை போட்டார்கள். உள்ளே யார் உட்கார்ந்தாலும் கால் தெரியும். துறையிலிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. இருக்கை வசதி உள்ளது, ஊழியர்கள் தாங்களாகவே பயன்படுத்துவதில்லை, புகாரில் உண்மை இல்லை.

சீருடைக் கூட்டம் முடிவதற்குள் வெங்காயத் தோல் கிழிந்தது. இந்தத் தடவை புண் நகம் அளவு இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் காகித அளவுகோலை வைத்து அளந்தார். நீளம் ஏழு சென்டிமீட்டர். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனிமே ஆறு வாரம்னு என்னால சொல்ல முடியாது. தொடையிலேர்ந்து தோல் எடுத்து வெக்க வேண்டி வரலாம். அதுவும் ஒட்டுமான்னு பாக்கணும்" என்றார்.

கடையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, "இடம் காலியா இருக்கு. உங்க வீட்ல ஸ்கூல் முடிச்ச பொண்ணு ஒண்ணு இருக்கில்ல?" என்று கேட்டார். சித்தி என்னைப் பார்த்தாள். "அவளுக்கு ஒரு இடத்துல நிக்கவே தெரியாது சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். என்னைப் பற்றி அவள் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அதுதான்.

ஏணி அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சித்தி தலையணை மேட்டில் காலை வைத்துப் படுத்திருந்தாள். எழுந்திருக்க முடியாது. நான் தண்ணீர் கொடுத்தேன். ஏணி அக்கா குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் புகாரை நான்தான் எழுதிப் போட்டேன்."

சித்தி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"நீங்க லீவுல இருந்தப்ப எழுதினேன். மூணாம் நம்பர் ரூமைப் பத்தி எழுதினேன். உங்க காலைப் பத்தித்தான் முழுக்க எழுதியிருந்தேன். அவர் உங்களைத் தேடித்தான்க்கா வந்தார்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?"

சித்தி மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, "கால் நீட்டறதுக்குக்கூட கவர்மென்ட்ல ஆள் வெச்சிருப்பாங்கன்னு எனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள்.

ஏணி அக்கா மறுபடி ஒரு மனு போடலாம் என்றாள். அன்று சொன்னது தவறு என்று சித்தி எழுதிக் கொடுத்தால் திரும்ப விசாரிப்பார்களாம். சித்தி முடியவே முடியாது என்றாள். கையெழுத்துப் போட்டுவிட்டு மாற்றிப் பேசினால் பொய்க்காரி என்பார்கள் என்றாள். ஏணி அக்கா வாதம் செய்யவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கித் தன் கணுக்காலைக் காட்டினாள். உள்பக்கம், எலும்புக்கு மேலே, பழுப்பாக ஒரு திட்டு. சித்தி கையை நீட்டி அதைத் தொட்டாள். விரலால் அழுத்தினாள். அழுத்திய இடம் குழியாக நின்றது.

"பேப்பர் எடு" என்று என்னிடம் சொன்னாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஸ்டூல்கள் ஒரே நாள்தான் இருந்தன, அறை எங்களுடையதுதான், போர்வை என்னுடையது, பயத்தில் பொய் சொன்னேன் என்று எல்லாம் சொன்னாள். கடைசியில் ஒரு வரியை நானாகச் சேர்த்தேன். 'மனிதர்களுக்குக் களைப்பு வரும். எனக்கும் தினமும் வந்தது. களைப்பு வரும்போது உட்கார இடம் வேண்டும்.' வாசித்துக் காட்டினேன். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சித்தி அங்கே நிறுத்தினாள்.

"அதை எடுத்துடு."

"ஏன்? அதுதானே விஷயமே?"

"கால் வலிச்சதுன்னு எழுது. புண் வந்ததுன்னு எழுது. களைச்சுப்போனேன்னு எழுதாதே."

"களைச்சப்பவே உட்கார்ந்திருந்தா புண்ணே வந்திருக்காது சித்தி."

"வலின்னா சீக்குன்னு விட்டுடுவாங்க. களைப்புன்னா சோம்பேறிம்பாங்க. பத்தொன்பது வருஷம் நின்னவளைச் சோம்பேறின்னு நீயே எழுதிக் கொடுக்கப் போறியா?"

ஏணி அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தாள். நான் அந்த வரியை அடித்தேன். அடித்த இடம் தெரிகிறது, வேறு தாளில் எழுது என்றாள் சித்தி. எழுதினேன். அவள் வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். களைப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போட்டாள்.